முகாமில் பிறந்தேன், கம்பெனியில் பாஸ்போர்ட் கேட்கிறார்கள்

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். என் பெயர் போட வேண்டாம். நான் 1996ல் கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்தவள். அப்பாவுக்கு மன்னார். 1990ல் சண்டை மறுபடி தொடங்கியபோது படகில் வந்தவர். அம்மாவின் ஆட்கள் மலையகம். 1977 கலவரத்தில் பதுளையை விட்டு வவுனியாவுக்குப் போய், 1984ல் அங்கிருந்தும் கிளம்பி மண்டபத்தில் வந்து இறங்கியவர்கள். தாத்தா அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார் என்று அம்மாச்சி சொல்வார். என் மாமா 1986 பிப்ரவரியில் மண்டபம் முகாமில் பிறந்தவர். அப்பாவின் தங்கை குடும்பம் 2022ல்தான் வந்தது.

நான் பி.இ. முடித்து சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஹாஸ்டலில் இருக்கிறேன். ஆறு மாதம் சிங்கப்பூர் போகச் சொல்லி, பாஸ்போர்ட் நகல் கேட்கிறார்கள். 2025 செப்டம்பரில் மத்திய அரசு எங்களுக்கு விலக்கு கொடுத்ததாகச் செய்தி வந்தபோது முகாமில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். இனி நாம் சட்டப்படி இருப்பவர்கள் என்கிறார் அப்பா. ஆதார் இருந்தால் போதும், பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறேன் என்கிறார் ஒரு ஏஜென்ட். இன்னொருவர், இலங்கைத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பம் போட்டு இலங்கை பாஸ்போர்ட் வாங்கிவிடு என்கிறார். அப்பாவோ ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கிறார். எங்கள் நிலைமைதான் என்ன?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆணையால் உங்கள் அப்பாவுக்கு ஜெயில் பயம் போனது. உங்களுக்குப் பாஸ்போர்ட் வரவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.' அந்த வரியை மூன்று தடவை படித்தேன். உங்கள் மொத்தக் கடிதத்தில் கனமான வரி அதுதான். அதற்குப் பிறகு வருகிறேன். அதற்குள் துணைத் தூதரகத்துக்குப் போய் எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

செப்டம்பர் ஆணை என்ன சொல்கிறது? வெளிநாட்டவர் தொடர்பான நான்கு பழைய சட்டங்களை எடுத்துவிட்டு, குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் என்று ஒரே சட்டமாகக் கொண்டுவந்தார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் நாட்டுக்குள் வந்தால் ஐந்தாண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது இந்தச் சட்டம். கூடவே வந்த ஆணை, சிலருக்கு இந்தத் தண்டனைகளிலிருந்து விலக்கு கொடுத்தது. அந்தப் பட்டியலில், 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்த, பதிவு செய்யப்பட்ட இலங்கைத் தமிழர்களும் இருக்கிறார்கள். அந்தத் தேதிக்கு என்ன விசேஷம் என்று பலர் கேட்டார்கள். மைத்திரிபால சிறிசேன இலங்கை ஜனாதிபதியாகப் பதவியேற்ற நாள் அது. அதனால்தான் இந்தத் தேதியா என்றால், அது என் ஊகம்தான்.

இதற்கு முன்பும் முகாமில் இருப்பவர்களை யாரும் தினமும் பிடித்துக்கொண்டு போகவில்லை. ஆனால் சட்டப் புத்தகத்தில் அவர்கள் குற்றவாளிகளாகவே இருந்தார்கள். பிடிக்காமல் இருந்தது அரசின் பெருந்தன்மை. இப்போது அந்தப் பெருந்தன்மை எழுத்தில் வந்திருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அது ஆணைதான். சட்டம் போட்டுக் கொடுத்த உரிமை இல்லை. இன்னொரு ஆணை போட்டு இதை மாற்றிவிட முடியும். இதில் குடியுரிமை பற்றி ஒரு சொல்லும் கிடையாது.

போருக்குத் தப்பி வருகிறவர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு என்று சில நாடுகளில் தனிச் சட்டமே உண்டு. அமெரிக்காவில் 1990லேயே வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2001ல் ஒரு விதிமுறை செய்து இருபது ஆண்டு அலமாரியில் வைத்திருந்து, உக்ரைன் போர் தொடங்கியதும் 2022 மார்ச் 4ல் முதன்முறையாகக் கையில் எடுத்தது. ஓராண்டுக்கு என்று தொடங்கியதை நீட்டி நீட்டி இப்போது 2027 மார்ச் 4 வரை கொண்டுவந்திருக்கிறார்கள். அங்கே வந்தவர் கையில் ஒரு அட்டை இருக்கும், வேலை செய்யலாம் என்று அதில் எழுதியிருக்கும், கெடு தேதியும் இருக்கும். இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை, தனி அகதிச் சட்டமும் செய்யவில்லை. 1983 ஜூலையிலிருந்து உங்கள் ஆட்களைக் காப்பாற்றியது சுற்றறிக்கைகளும், தமிழ்நாட்டு அரசு மாதாமாதம் தரும் பணக்கொடையும், அவ்வப்போது நீதிமன்றங்களும்தான். குடிமகன் அல்லாதவரின் உயிருக்கும் அரசியலமைப்பின் 21வது பிரிவு காவல் என்று 1996ல் சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாங்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிற தீர்ப்பு அது. அட்டையும் கெடுவும் இல்லாத தற்காலிகம் என்பதால்தான் நாற்பது ஆண்டைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2021ல் மாநில அரசு 'அகதிகள் முகாம்' என்ற பலகையை எடுத்துவிட்டு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாட்டியது. நல்ல காரியம், வீடுகளும் கட்டிக் கொடுத்தார்கள். டெல்லியின் சட்டப் புத்தகத்தில் அந்தப் பலகை செல்லாது.

சரி, ஆணைக்கே திரும்புவோம். அதில் நீங்கள் பார்க்க வேண்டிய சொல் 'பதிவு செய்யப்பட்ட' என்பது. நீங்கள் ஹாஸ்டலில் இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். முகாமில் ஆளை நேரில் பார்த்துப் பதிவைச் சரிபார்க்கும் செக்கிங் நாளன்று போய் நிற்கிறீர்களா? வேலைக்காக வெளியே தங்குவதற்கு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியிருக்கிறீர்களா? வேலைக்குப் போன பிள்ளைகள் நாலு செக்கிங்கைத் தவறவிட்டு, பதிவை வெட்டிவிட்டார்கள் என்று என்னிடம் வந்து நிற்பது வாடிக்கை. பணக்கொடை போனால் போகட்டும், சம்பளம் வருகிறதே என்று அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். முன்பு அதனால் பணம் மட்டும்தான் போனது. இப்போது பதிவு போனால் விலக்கும் சேர்ந்து ஆடும். அடுத்த செக்கிங்குக்கு லீவு போட்டுவிட்டுப் போங்கள். வருவாய் ஆய்வாளரிடம் மனு கொடுத்தால், கூடவே ஒரு நகல் வைத்து அதில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்ன அனுமதிக்குக் கோர்ட்டில் மதிப்பில்லை.

இனி குடியுரிமை. உங்கள் குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு சட்டத்தின் கீழ் நிற்கிறீர்கள். ஒரே கூரைக்குள் இருப்பதால் எல்லோருக்கும் ஒரே நிலைமை என்று நினைத்துவிடாதீர்கள். பிறந்த தேதிதான் பேசும்.

மாமாவை எடுத்துக்கொள்வோம். 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையில் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். தாய் தந்தை யார், எப்படி வந்தார்கள் என்ற கேள்வியே அந்தக் காலத்துச் சட்டத்தில் இல்லை. மாமா பிறந்தது 1986 பிப்ரவரி. ஆக, அவர் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க வேண்டியவரே இல்லை, ஏற்கெனவே குடிமகன். முகாம் பதிவேட்டில் பெயர் இருப்பதால் அது அழிந்துவிடாது. இதே போல 1986 ஏப்ரலில் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் அவர் ஓட்டும் போட்டார். மாமாவிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா, அதில் பிறந்த இடமும் பெற்றோர் பெயரும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், நேராகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கட்டும். போலீஸ் விசாரணையில் 'முகாம்வாசி' என்று எழுதி அனுப்புவார்கள், மறுப்பு வரும். வரட்டும். மறுத்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், கேட்டால் நகல் தர வேண்டும் என்று பாஸ்போர்ட் சட்டத்தின் 5வது பிரிவு சொல்கிறது. அந்த மறுப்புக் கடிதம்தான் உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவுக்கு அடித்தளம்.

ஒரு கசப்பான விஷயம். மாமாவுக்குக் குழந்தைகள் இருந்து, அவர் மனைவியும் போரில் வந்த முகாம்வாசி என்றால், அந்தப் பிள்ளைகள் பிறப்பால் இந்தியர் ஆகமாட்டார்கள். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்தவருக்கு, ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக, அதாவது பாஸ்போர்ட் இல்லாமல் நுழைந்த வெளிநாட்டவராக, இருக்கவும் கூடாது. அப்பா இந்தியர், பிள்ளை இந்தியர் இல்லை, இருவரும் இங்கேயே பிறந்தவர்கள். நான் இதை விளக்கும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் நான் ஏதோ தப்பாகச் சொல்கிறேன் என்பது போலப் பார்ப்பார். விசேஷக் காரணம் இருந்தால் மைனர் பிள்ளையைக் குடிமகனாகப் பதிவு செய்ய மத்திய அரசுக்கு 5(4) பிரிவில் அதிகாரம் உண்டு. மாமாவின் வேலை முடிந்த பிறகு அந்தக் கதவைத் தட்டலாம்.

இப்போது நீங்கள். 1987 ஜூலை 1க்கும் 2004 டிசம்பர் 3க்கும் நடுவில் பிறந்தவருக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: பிறந்த நேரத்தில் தாயோ தந்தையோ ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். மற்றவர் யாராக இருந்தாலும் பரவாயில்லை. அப்பா இலங்கைக் குடிமகன், அதில் சந்தேகமில்லை. அம்மா யார்?

இங்கேதான் தாத்தா வருகிறார். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, தோட்ட வேலைக்கு இங்கிருந்து போய், எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் நாடற்றவர்களாக இருந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. மிச்சம் விட்டுப்போன 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்து இந்திரா காலத்தில் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தியா வேண்டும் என்று மனுப் போட்டவர்களைத்தான் தோட்டங்களில் 'இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர்கள்' என்பார்கள். அப்படி எழுதிக் கொடுத்த பலருக்கு இந்தியக் குடியுரிமை பதிவாகிப் பாஸ்போர்ட்டும் வந்தது. சிலர் கப்பலேறினார்கள், தமிழ்நாட்டில் 'தாயகம் திரும்பியோர்' ஆனார்கள். சிலர் சேமநிதி வரவில்லை, வயதான தாய் வர மறுக்கிறாள் என்று தள்ளிப்போட்டார்கள். அதற்குள் 1983 வந்தது, அடுத்த ஆண்டு தலைமன்னார்-ராமேஸ்வரம் கப்பலும் நின்றது. கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தும் படகில் தப்பி வந்து, மண்டபத்தில் வரிசையில் நின்று, இலங்கை அகதி என்று பதிவானவர்கள் உண்டு. அந்த நேரத்தில் எந்தப் பேரேட்டில் பெயரை எழுதுகிறார்கள் என்று யார் பார்த்தார்கள்? சோறும் தங்க இடமும் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

இந்த மாதிரி ஒரு குடும்பம் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தது. பெரியவர் இறந்துவிட்டார், பாஸ்போர்ட் இருந்ததா என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. வீட்டை வெள்ளையடிக்க சாமிப் படத்தை இறக்கியபோது படத்தின் ஃப்ரேமுக்கும் அட்டைக்கும் நடுவிலிருந்து பாஸ்போர்ட் விழுந்தது. முன்பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. பெயர் இல்லை, படத்தில் தோள் வரைக்கும்தான் மிச்சம். ஆனால் தாள்களில் ஊசியால் குத்தியது போல எண் துளையிட்டிருந்தது. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு இலக்கமாக எழுதிக்கொண்டோம். அந்த எண்ணை வைத்துக் கடிதப் போக்குவரத்து தொடங்கி, பதில் வரப் பதினான்கு மாதம் ஆனது. வந்தது.

ஆகவே அம்மாச்சியிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவசரப்படுத்தாமல் கேளுங்கள். தாத்தா மனு மட்டும் போட்டாரா, பாஸ்போர்ட் கைக்கு வந்ததா? கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்துக்குப் போய் வாங்கினாரா? அதில் பிள்ளைகளின் பெயரும் இருந்ததா? அம்மா அப்போது சிறுமி. சிறுபிள்ளைகளின் பெயரைக் குடும்பத்தலைவரின் பாஸ்போர்ட்டிலேயே எழுதியிருந்ததை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். தோட்டத்தின் பெயர், டிவிஷன், தாத்தாவின் அப்பா தமிழ்நாட்டில் எந்த ஊரிலிருந்து போனார், எந்த மாவட்டம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மனு ரசீது, தோட்டத்துரை கொடுத்த கடிதம், பதுளை பிறப்புச் சான்றிதழ், எதுவாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். லேமினேட் செய்யாதீர்கள். கடையில் கொடுத்து லேமினேட் செய்து கொண்டுவருகிறார்கள், பிறகு அசலா நகலா என்று பின்பக்கத்து முத்திரையைப் பார்க்க முடிவதில்லை. மனு மட்டும் போட்டு ஒன்றும் வரவில்லை என்றால் கதை வேறு. அப்போது அம்மா குடிமகள் ஆகவில்லை. பாஸ்போர்ட் வந்து அதில் அம்மா பெயரும் இருந்தது என்றால், அது காலாவதியாகி எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும் கவலையில்லை. பாஸ்போர்ட்டுக்குத்தான் காலாவதி, குடியுரிமைக்கு இல்லை.

அம்மாவிடம் இன்னொன்று கேளுங்கள். இந்தியாவில் இருக்கும் மலையக வம்சாவளியினருக்கும் குடியுரிமை கொடுக்க 2009ல் இலங்கை தன் சட்டத்தைத் திருத்தியது. அந்தக் காலத்தில் முகாமில் படிவம் கொடுத்தார்களா, அம்மா கையெழுத்துப் போட்டாரா? வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றுக்கொண்டால் இந்தியக் குடியுரிமை அதோடு போய்விடும் என்பது சட்டம். ஆனால் உங்கள் விஷயத்தில் பார்க்க வேண்டியது 1996ல், நீங்கள் பிறந்த அன்று, அம்மா யாராக இருந்தார் என்பதைத்தான். 2009க்குப் பிறகு நடந்தது உங்கள் பிறப்பைப் பின்னோக்கிப் போய் மாற்றாது.

இப்போது புரிந்திருக்கும், துணைத் தூதரகத்துக்கு ஏன் உடனே போக வேண்டாம் என்றேன் என்று. இலங்கைத் தகப்பனுக்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளை, பதிவு செய்துகொண்டு இலங்கைக் குடியுரிமை பெறலாம். சென்னையில் அதற்கு வழியிருக்கிறது, தவறான வழியும் இல்லை. முகாமிலிருந்து வெளிநாடு போகும் பலர் அப்படித்தான் பாஸ்போர்ட் எடுத்து, இந்தியாவை விட்டு வெளியேற அனுமதிக்கும் எக்ஸிட் பெர்மிட் வாங்கிப் போகிறார்கள். ஆனால் நீங்களாகக் கேட்டு அதை வாங்கிய பிறகு, நான் 1996லிருந்தே இந்தியர் என்று வந்து நின்றால், இப்போது இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். தாத்தாவின் தாள் இல்லை என்று உறுதியான பிறகு அந்த வழியை எடுங்கள். அப்போதும் ஒன்று கவனம்: எக்ஸிட் பெர்மிட்டில் வெளியே போனால் திரும்பி வருவது விசாவைப் பொறுத்தது. ஆறு மாதம் கழித்து அம்மாவைப் பார்க்க வர முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று முன்கூட்டியே யோசித்துவிடுங்கள்.

தாள் கிடைக்காவிட்டால் வாதமே இல்லை என்று அர்த்தமில்லை. பாஸ்போர்ட் இல்லாமல் இந்தியாவுக்குள் 'நுழைந்த' வெளிநாட்டவர்தான் சட்டவிரோதக் குடியேறி. நீங்கள் எங்கிருந்தும் நுழையவில்லை, கும்மிடிப்பூண்டியில் பிறந்தீர்கள். இந்த வாதத்தோடு குடியுரிமை விண்ணப்பம் போடலாம். 1993ல் திருச்சியில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு பெண்ணின் விண்ணப்பத்தை மத்திய அரசுக்கு அனுப்பிவைக்கச் சொல்லி 2022 அக்டோபரில் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதற்கு முன் 2019 ஜூனில், கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் இருந்த மலையக வம்சாவளியினர் 65 பேர் வழக்கிலும், அவர்களின் விண்ணப்பத்தைப் பரிவோடு பார்க்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வந்ததாலேயே முகாமில் எல்லோருக்கும் குடியுரிமை வந்துவிடவில்லை. நீண்ட வழி இது. ஆறு மாத சிங்கப்பூர் வேலைக்கு இதை நம்ப முடியாது.

அந்த ஏஜென்ட் விஷயத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆதார் குடியுரிமைக்குச் சான்று இல்லை என்று ஆதார் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அவர் செய்யப்போவது, வேறு முகவரி, வேறு பெற்றோர் என்று ஒரு கதை ஜோடித்துப் படிவத்தில் உங்கள் கையெழுத்தை வாங்குவது. பொய்த் தகவலில் எடுத்த பாஸ்போர்ட்டைப் பயன்படுத்தினால் புதிய சட்டத்தில் குறைந்தது இரண்டாண்டு, ஏழாண்டு வரை சிறை. நீங்கள் பெருமைப்படுகிற அந்தச் செப்டம்பர் விலக்கு இதற்குப் பொருந்தாது. இப்படி மாட்டிக்கொண்டவர்கள் ஜாமீன் கிடைத்தும் வீட்டுக்குப் போக முடியாமல் வழக்கில் சிக்கிய வெளிநாட்டவரை அடைத்து வைக்கும் திருச்சி சிறப்பு முகாமுக்குள் போனதைப் பார்த்திருக்கிறேன். ஏஜென்டின் பெயர் எந்தப் படிவத்திலும் இருக்காது.

கம்பெனியில் என்ன சொல்வது? உண்மையைச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இருக்கிறது, தாமதமாகிறது என்று ஒரு பொய் சொன்னால் அடுத்த மாதம் ரசீது எண் கேட்பார்கள். 'நான் மறுவாழ்வு முகாமில் பதிவு பெற்ற இலங்கைத் தமிழர் குடும்பம், என் குடியுரிமை ஆவணங்கள் சட்ட ஆலோசனையில் இருக்கின்றன, இப்போதைக்கு வெளிநாட்டுப் பயணத்துக்கு என்னால் முடியாது' என்று ஒரு மின்னஞ்சல் போதும். வேலைக்குச் சேரும்போது கொடுத்த படிவத்தில் தேசம் என்ற இடத்தில் என்ன எழுதினீர்கள் என்பதை மட்டும் முதலில் பார்த்துவிட்டு அனுப்புங்கள். 'இந்தியர்' என்று எழுதியிருந்தால், அனுப்புவதற்கு முன் என்னிடம் பேசுங்கள்.

அப்பாவின் தங்கை குடும்பம். 2022ல் பொருளாதார நெருக்கடியில் வந்தவர்கள் 2015 ஜனவரி 9க்குப் பிந்தையவர்கள். இந்த விலக்கில் அவர்கள் வரமாட்டார்கள். இது முகாமில் பலருக்குத் தெரியவில்லை, எல்லோருக்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறார்கள். அவர்கள் முகாமை விட்டு வெளியே வேலை தேடி அலைவதும், ஐந்தாறு பேர் சேர்ந்து வேறு மாவட்டம் போவதும் இப்போது வேண்டாம். அவர்கள் மீது ராமேஸ்வரத்தில் வழக்குப் பதிவாகியிருந்தால் அந்த எண்ணை அனுப்பச் சொல்லுங்கள்.

அப்பா ஊருக்குப் போவது அவர் விருப்பம். விருப்பமாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்; 1992ல் திருப்பி அனுப்பியபோது இதற்காகவே கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது, அந்த ஆண்டுதான் விருப்பத்தைச் சரிபார்க்க ஐ.நா.வின் அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆர்.ஐ உள்ளே விட்டார்கள். அதன் பிறகு போக நினைத்தவர்கள் யு.என்.எச்.சி.ஆர். வழியாகப் போவதுதான் வழக்கம். ஆனால் 2025 மே மாதத்தில் அப்படிப் போன ஒரு முதியவரை, முன்பு உரிய ஆவணமில்லாமல் நாட்டை விட்டுப் போனவர் என்று சொல்லிப் பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்தார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகு விட்டார்கள். ஆகவே அப்பா டிக்கெட் பற்றிப் பேசுவதற்கு முன்னால், இப்போது அங்கே என்ன நடைமுறை என்பதை யு.என்.எச்.சி.ஆர்.இடம் எழுத்தில் கேட்கட்டும். மன்னாரில் நிலத்தின் உறுதிப் பத்திரம் யார் பெயரில், யார் கையில் இருக்கிறது, அதில் இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் சொந்தக்காரர் யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் போவதால் உங்கள் வழக்கு கெடாது. ஆனால் அவருடைய பதிவு இங்கே முடிந்துவிடும், திரும்பி வந்தால் விசாவில் வரும் வெளிநாட்டவர்தான். உங்கள் தாள் வேலை ஒரு நிலைக்கு வரும்வரை இருக்கச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், சாட்சியாகத் தேவைப்படுவார்.

கடைசியாக, தாத்தாவின் பதிவு பற்றித் தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனு போடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். ஆர்.டி.ஐ. சட்டம் குடிமக்களுக்கு மட்டும். குடிமகள்தானா என்று தெரிந்துகொள்ளப் போடுகிற மனுவைக் குடிமகளாக இருந்தால்தான் போட முடியும். அதனால் உங்கள் பெயரில் போடாதீர்கள், என் அலுவலகத்திலிருந்து போட்டுக்கொள்கிறோம். அதற்கு எனக்குத் தாத்தாவின் முழுப் பெயர், அவர் தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், பாஸ்போர்ட் எண் கிடைத்தால் அது, இந்த நாலும் வேண்டும். எண் இல்லாவிட்டாலும் மற்ற மூன்றையும் அனுப்புங்கள். தோட்டத்தின் பெயரை அம்மாச்சி எப்படி உச்சரிக்கிறாரோ அப்படியே தமிழில் எழுதி அனுப்புங்கள். ஆங்கிலப் பெயர் வேறாக இருக்கும், அதை நான் கண்டுபிடித்துக்கொள்கிறேன்.